லாரிக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே, முதலாளிக்கு எதற்கு?

சில ஆண்டுகள் சென்னையில் இருந்தபடி, அமெரிக்க இன்சூரன்ஸ் புரோக்கர் ஒருவருக்காக விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். இங்கே இரவு ஏழு மணி என்றால் டெக்சாஸில் காலை எட்டரை. ஒடெஸா, மிட்லண்ட், பெகோஸ் என்று மேற்கு டெக்சாஸ் ஊர்களில் இருந்து லாரி கம்பெனிகளின் கோப்புகள் வரிசையாக வந்து விழும். எண்ணெய்க் கிணறுகளுக்கு மணல், தண்ணீர், குழாய் கொண்டுபோகிற கம்பெனிகள். அங்கிருந்து கச்சா எண்ணெயும் கழிவு உப்புநீரும் ஏற்றி வருகிற கம்பெனிகள். ஒவ்வொரு கோப்பிலும் ஐந்தாறு பாலிசிகள் இருக்கும். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் முதலாளிகள் சலிப்போடு கேட்பார்கள்: "லாரிக்குக் கட்டுகிறோம், சரக்குக்குக் கட்டுகிறோம், டிரைவருக்குக் கட்டுகிறோம். இந்த டி அண்ட் ஓ எதற்கு? அதற்கு ஏன் இந்த விலை?"

டி அண்ட் ஓ என்பது டைரக்டர்ஸ் அண்ட் ஆபீசர்ஸ் என்பதன் சுருக்கம். கம்பெனியின் இயக்குநர்கள், தலைமை நிர்வாகி, நிதி அதிகாரி போன்றவர்கள் எடுத்த முடிவுக்காக அவர்கள் மேல் வழக்கு வந்தால், வக்கீல் செலவையும் கட்ட வேண்டிய தொகையையும் கொடுக்கிற பாலிசி. லாரி மோதினால் இது வாய் திறக்காது. லாரி வாங்க எடுத்த கடன் மோதினால் திறக்கும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால், பிரீமியம் ஏன் ஒரு கம்பெனிக்குக் குறைவாகவும் பக்கத்து கம்பெனிக்கு இரண்டு மடங்காகவும் இருக்கிறது என்பதும் பிடிபட்டுவிடும்.

முதலில் லாரிப் பக்கத்தை ஒதுக்கி வைத்துவிடுவோம். மாநிலம் விட்டு மாநிலம் வாடகைக்கு ஓடும் கனரக லாரிக்கு அமெரிக்க மத்திய அரசு குறைந்தபட்சம் 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு கேட்கிறது. ஏற்றுவது எண்ணெய் என்றால் 10 லட்சம் டாலர், சில அபாயகரமான சரக்குகளுக்கு 50 லட்சம். 1980-களில் வைத்த இந்தத் தொகைகள் இன்றுவரை மாறவில்லை. விபத்து, காயம், இடிந்த சுவர் எல்லாம் இந்தக் கணக்கில் போகும். டி அண்ட் ஓ வேறு கணக்கு. அதில் காப்பாற்றப்படுவது லாரியும் அல்ல, டிரைவரும் அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவரின் வீடும் சேமிப்பும்.

இரண்டு மணி நேரக் கூட்டம்

கையெழுத்துப் போட்டதற்காக ஒருவர் வீட்டை இழக்க முடியுமா? முடியும் என்று அமெரிக்க நிர்வாகிகளை நடுங்க வைத்த வழக்கு ஒன்று உண்டு. அதுவும் சரக்குப் போக்குவரத்தோடு தொடர்புடையதுதான். டிரான்ஸ் யூனியன் என்ற சிகாகோ கம்பெனி ரயில் வேகன்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. 1980 செப்டம்பர் 20, சனிக்கிழமை. இயக்குநர் குழு சுமார் இரண்டு மணி நேரம் கூடி, கம்பெனியைப் பங்குக்கு 55 டாலர் வீதம் விற்க ஒப்புக்கொண்டது. சந்தை விலை அப்போது 38 டாலர் அளவில்தான் இருந்தது, விலை மோசமில்லை. ஆனால் அந்த 55 எப்படி வந்தது என்று யாரும் குடைந்து கேட்கவில்லை, கம்பெனியின் உண்மை மதிப்பைக் கணக்கிட்டுப் பார்க்கவும் இல்லை. பங்குதாரர் ஒருவர் வழக்குப் போட்டார். 1985-இல் டெலவேர் மாநில உச்ச நீதிமன்றம், இயக்குநர்கள் மிக அலட்சியமாக நடந்துகொண்டார்கள், தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. கடைசியில் 235 லட்சம் டாலருக்குச் சமரசம். கம்பெனிக்கு இருந்த டி அண்ட் ஓ பாலிசி 100 லட்சம் டாலர் மட்டும்தான். மீதியில் பெரும்பகுதியைக் கம்பெனியை வாங்கிய தரப்பே கொடுத்ததால் இயக்குநர்கள் தப்பித்தார்கள்.

அதன் பிறகு டி அண்ட் ஓ பிரீமியம் விண்ணுக்குப் போனது. அடுத்த ஆண்டே டெலவேர் சட்டத்தைத் திருத்தி, வெறும் கவனக்குறைவுக்காக இயக்குநர்கள் பணம் கட்ட வேண்டியதில்லை என்று கம்பெனிகள் தங்கள் சாசனத்தில் எழுதிக்கொள்ள இடம் கொடுத்தது. நேர்மையின்மைக்கும் சுயலாபத்துக்கும் அந்த விலக்கு கிடையாது.

"அது பெரிய பங்குச் சந்தைக் கம்பெனி, நாங்கள் நாற்பது லாரி வைத்திருக்கும் குடும்பம்" என்று பெகோஸ்காரர் சொல்வார். சரி, அவர் மேல் யார் வழக்குப் போடுவார்கள்? கடன் கொடுத்த வங்கி போடும், கணக்கைத் திரித்துக் காட்டினீர்கள் என்று. முதலீடு செய்த நிதி நிறுவனம் போடும். போட்டிக் கம்பெனி போடும், எங்கள் மேனேஜரையும் வாடிக்கையாளர் பட்டியலையும் சேர்த்து இழுத்துக்கொண்டீர்கள் என்று. கம்பெனி திவாலானால், நீதிமன்றம் நியமிக்கும் டிரஸ்டி பழைய கணக்கையெல்லாம் புரட்டி, "திவாலாகப் போகிறது என்று தெரிந்தும் ஏன் உங்கள் மைத்துனருக்கு இவ்வளவு பணம் கொடுத்தீர்கள்?" என்று கேட்பார். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதைதான். கம்பெனியும் போய், அதை நடத்தியதற்கான வழக்கும் வந்து நிற்கும்.

ஒரே பானை, மூன்று கரண்டி

பாலிசிக்குள் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள் இருக்கும். நிர்வாகிக்காகக் கம்பெனி செலவழிக்க முடியாத நிலையில் அவருக்கே நேராகப் பணம் போவது ஏ. பெரும்பாலும் திவால் காலத்தில் இதுதான் வேலை செய்யும். ரிட்டென்ஷன் எனப்படும் "முதல் செலவு உங்களுடையது" தொகையும் இதற்கு வழக்கமாகக் கிடையாது. கம்பெனி நிர்வாகிக்காகச் செலவு செய்துவிட்டு, அதைத் திரும்பப் பெறுவது பி. கம்பெனி மேலேயே வரும் வழக்குக்கு சி. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிக்கு சி என்பது பங்கு சார்ந்த வழக்குகளுக்கு மட்டும். தனியார் கம்பெனிக்கு அது மிக அகலமானது.

அகலம் என்றதும் சந்தோஷப்பட வேண்டாம். மூன்றும் ஒரே பானையில் இருந்து அள்ளுகின்றன. கம்பெனி மேல் வந்த வழக்குக்கே பானை காலியாகிவிட்டால், நாளை முதலாளி தனியாக மாட்டிக்கொள்ளும்போது அடிப்பிடித்த சோறு கூட மிஞ்சாது. அதனால்தான் கொஞ்சம் விவரமானவர்கள் ஏ பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு பாலிசியை மேலே போட்டுக்கொள்கிறார்கள். அதற்குத் தனி விலை.

இன்னொன்று. இந்தப் பாலிசிகளில் வக்கீல் செலவு பெரும்பாலும் லிமிட்டுக்கு, அதாவது பாலிசி கொடுக்கும் உச்சத் தொகைக்கு, உள்ளேயே அடங்கும். 20 லட்சம் டாலர் லிமிட் வைத்திருக்கிறீர்கள், வழக்கு மூன்று ஆண்டு இழுத்து வக்கீலுக்கு 8 லட்சம் போய்விட்டது என்றால், சமரசத்துக்கு மிஞ்சுவது 12 லட்சம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் வகை லிமிட். லாரிப் பொறுப்புப் பாலிசியில் வக்கீல் செலவு வழக்கமாக லிமிட்டுக்கு வெளியே இருக்கும் என்பதால், லாரிக்காரர்கள் இதையும் அப்படியே நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு வேற்றுமை உருபின் விலை

எதற்கெல்லாம் பணம் வராது என்ற பட்டியல்தான் இந்தப் பாலிசியில் கவனமாகப் படிக்க வேண்டிய பக்கம். மோசடி செய்தது இறுதித் தீர்ப்பில் நிரூபணமானால் வராது. மாசு விலக்கு உண்டு. உப்புநீர் டேங்கர் கவிழ்ந்து மேய்ச்சல் நிலம் பாழானால் அதற்கு வேறு பாலிசி. ஓவர்டைம் கொடுக்கவில்லை என்று டிரைவர்கள் கூட்டமாகப் போடும் வழக்குக்கும் பெரும்பாலும் வராது, அல்லது வக்கீல் செலவுக்கு மட்டும் ஒரு சிறு தொகை வரும். எண்ணெய் வயல்களில் அந்த வழக்கு மழைக்காலத்து ஈசல் மாதிரி வரும் என்பதால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருக்கின்றன. ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் டீசலுக்குச் செலவழித்துவிட்டால், அந்த முடிவை எடுத்தவரிடமே அமெரிக்க வரித்துறை நேரடியாக வசூலிக்கும். அந்த வரித்தொகையும் வழக்கமாகப் பாலிசி சொல்லும் "இழப்பு" என்ற வரையறைக்குள் வராது. பணமுடை வரும்போது முதலில் கை வைக்கப்படுவது அந்தப் பணத்தில்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவற்றைவிட நுட்பமானது உடல் காயம் பற்றிய விலக்கு. ஏறக்குறைய எல்லா டி அண்ட் ஓ பாலிசியிலும் இது இருக்கும். ஆனால் இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒன்று, "உடல் காயத்துக்கான கிளைம்" விலக்கப்படுகிறது. மற்றது, "உடல் காயத்திலிருந்து எழும் எந்தக் கிளைமும்" விலக்கப்படுகிறது. படிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஒரு கற்பனைக் காட்சியில் வைத்துப் பார்ப்போம். மணல் லாரி ஒன்று பெரிய விபத்தில் மாட்டுகிறது. லாரிப் பாலிசி 10 லட்சம், அது தீர்ந்த பிறகு கொடுக்கும் மேல்பாலிசி 40 லட்சம், ஆக 50 லட்சம். ஜூரி 300 லட்சம் தீர்ப்பளிக்கிறது. கம்பெனி படுத்துவிடுகிறது. முதலீடு செய்தவர் முதலாளி மேல் வழக்குப் போடுகிறார்: "செலவைக் குறைக்கிறேன் என்று மேல்பாலிசியைப் பாதியாக வெட்டியது நீங்கள்தானே? என் பணம் போனதற்கு அந்த முடிவுதான் காரணம்." இந்த வழக்கு உடல் காயத்துக்கானது இல்லை, பண நஷ்டத்துக்கானது. முதல் வகை வாசகம் என்றால் பாலிசி பேசும். இரண்டாம் வகை என்றால், "எல்லாவற்றுக்கும் மூலம் அந்த விபத்துதானே" என்று கைவிரிக்க இடம் இருக்கிறது. விலை மலிவான பாலிசிகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும். பிரீமியத்தை மட்டும் பார்த்து இரண்டு பாலிசிகளை ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இந்த உருபுதான் காரணம்.

300 லட்சம் என்பது மிகைப்படுத்தல் என்று நினைக்க வேண்டாம். 2014 டிசம்பர் கடைசியில், ஒடெஸா அருகே ஐ-20 நெடுஞ்சாலை பனியில் உறைந்திருந்தபோது, எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு பிக்கப் வண்டி கட்டுப்பாடிழந்து நடுத்திட்டைத் தாண்டி வந்து வெர்னர் என்ற பெரிய லாரி கம்பெனியின் வண்டி முன் விழுந்தது. ஒரு குழந்தை இறந்தது. 2018-இல் ஹியூஸ்டன் ஜூரி சுமார் 9 கோடி டாலர் தீர்ப்பளித்தது. வட்டியோடு அது 10 கோடியைத் தாண்டியது. 2025 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆனால் அந்த ஏழு ஆண்டும் லாரி கம்பெனிகளுக்கு இன்சூரன்ஸ் விலை போடும் எல்லா அண்டர்ரைட்டர்களும் அந்தத் தொகையைத் தலைக்கு மேல் தொங்கும் கத்தியாகத்தான் பார்த்தார்கள். வெர்னர் பெரிய கம்பெனி, தாங்கியது. நாற்பது லாரிக்காரர் மேல்முறையீடு முடியும் வரை தாக்குப்பிடிப்பாரா?

அண்ணன் தம்பி விலக்கு என்றே ஒன்றைச் சொல்லலாம். பாலிசிக்குள் இருக்கும் ஒருவர் இன்னொருவர் மேல் போடும் வழக்குக்குப் பணம் கிடையாது என்பது அதன் சாரம். அண்ணன் தலைவர், தம்பி இயக்குநர், இருவருக்கும் சண்டை என்றால் பாலிசி ஒதுங்கிக்கொள்ளும். எண்ணெய் வயல் லாரி கம்பெனிகளில் பெரும்பாலானவை குடும்பத் தொழில் என்பதால் இது வெறும் சட்ட வரி அல்ல. திவால் டிரஸ்டி போடும் வழக்கும், விலகிப் போய்ச் சில ஆண்டுகள் ஆன பழைய இயக்குநர் போடும் வழக்கும் இந்த விலக்கில் சேராது என்று எழுதி வாங்க முடியும். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெய் வயல் என்றால் ஏன் தனி விலை

அண்டர்ரைட்டர் டி அண்ட் ஓ விலை போடும்போது முதலில் புரட்டுவது விபத்துப் பட்டியலை அல்ல, சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையை. திவால் ஆகுமா என்பதுதான் அவர் மனதில் ஓடும் கேள்வி. எண்ணெய் வயலில் அந்தக் கேள்விக்குப் பதில் கம்பெனியின் கையில் மட்டும் இல்லை.

2014 ஜூனில் அமெரிக்கக் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது. 2016 பிப்ரவரியில் 26 டாலர். 2020 ஏப்ரல் 20 அன்று மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதாவது எண்ணெயை எடுத்துப் போக விற்றவர் காசு கொடுக்க வேண்டிய நிலை. விலை விழுந்தால் கிணறு தோண்டுவது நிற்கும். கிணறு நின்றால் மணல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். லாரி முற்றத்தில் நிற்கும். லாரிக்கான தவணை நிற்காது. வட டகோடாவின் பக்கன் வயலில் தண்ணீர் ஓட்டி வளர்ந்த நுவெரா என்ற கம்பெனி 2017-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இந்தத் தொழிலுக்கு அது அடையாளம் மாதிரி.

எண்ணெய் விலை ஏறினாலும் ஆபத்து வேறு வேஷத்தில் வரும். இரண்டே ஆண்டில் பத்து லாரி ஐம்பது ஆகும். கணக்கு எழுதுபவர் அதே பழைய ஆள்தான். வேகமாக வளர்கிற கம்பெனியின் கணக்கில் தவறு நுழைவதும், அந்தக் கணக்கை நம்பிக் கடன் கொடுத்தவர் பிறகு கோபப்படுவதும் அங்கே சகஜம்.

மூன்றாவது, சாலைக்கே போட்டி வருகிறது. நிலத்தடிப் பாறையைப் பிளக்க அழுத்தத்தோடு செலுத்தும் மணல் ஒரு காலத்தில் விஸ்கான்சினில் இருந்து ரயிலில் வந்தது. 2017-இல் மேற்கு டெக்சாஸின் கெர்மிட் ஊர்ப்பக்கமே மணல் சுரங்கங்கள் திறந்தன. லாரி ஓடும் தூரமும் வாடகையும் மாறின. 2025 தொடக்கத்தில் அட்லஸ் என்ற மணல் கம்பெனி அதே கெர்மிட்டில் இருந்து நியூ மெக்சிகோ வரை 42 மைல் நீளத்துக்கு ஒரு கன்வேயர் பட்டையை ஓட்ட ஆரம்பித்தது. பாலைவனத்தின் மேல் மணல் தானாகப் போகிறது. தண்ணீருக்கும் குழாய்கள் வந்துவிட்டன. அந்தப் பாதையை நம்பிக் கடன் வாங்கி லாரி வாங்கியவரிடம் அண்டர்ரைட்டர் என்ன கேட்பார் என்று யோசியுங்கள். "பட்டை வருவது உங்களுக்கு எப்போது தெரியும், வங்கிக்கு எப்போது சொன்னீர்கள்?"

அப்புறம் பாதுகாப்பு. விபத்து டி அண்ட் ஓ-வில் வராது என்றேன். ஆனால் பாதுகாப்பை மேலிருந்து கவனிக்கவே இல்லை என்ற குற்றச்சாட்டு வரும். டெக்சாஸின் பெயர்பெற்ற ஐஸ்கிரீம் கம்பெனியான ப்ளூ பெல்லில் கிருமி கலந்து மூன்று பேர் இறந்தார்கள். உணவுப் பாதுகாப்பைக் கவனிக்க இயக்குநர் குழுவிடம் எந்த ஏற்பாடும் இல்லை என்று பங்குதாரர் போட்ட வழக்கைத் தொடரலாம் என்று 2019-இல் டெலவேர் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐஸ்கிரீம் கம்பெனிக்கு உணவுப் பாதுகாப்பு என்றால் லாரி கம்பெனிக்கு டிரைவரின் தூக்கம். மற்ற லாரிக்காரர் வாராந்திர மணிக்கணக்கைப் புதிதாகத் தொடங்க 34 மணி நேரம் ஓய்வு எடுக்க வேண்டும். எண்ணெய் வயல் வேலைக்கு 24 மணி நேரம் போதும் என்ற சலுகை இருக்கிறது. கிணற்றடியில் காத்திருக்கும் நேரத்தை வேலை நேரமாக எண்ணாத இன்னொரு சலுகையும் உண்டு. ஆனால் அது கிணற்று வேலைக்கென்றே கட்டிய சிறப்பு வண்டிகளின் பயிற்சி பெற்ற ஓட்டுநர்களுக்கு மட்டும். சாதாரண மணல் லாரி, தண்ணீர் லாரிக்கு அது பொருந்தாது என்று 2012-இல் அரசுத் துறையே விளக்கம் சொன்ன பிறகும் பலர் அதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். இயக்குநர் கூட்டக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லாத கம்பெனிக்கும், மாதாமாதம் விவாதித்துக் குறித்து வைத்த கம்பெனிக்கும் விலை ஒன்றாக இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சிறிய தனியார் கம்பெனிக்கு 10 லட்சம் டாலர் லிமிட் என்றால் பிரீமியம் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலரில் தொடங்கும். வருமானமும் கடனும் கூடக் கூடப் பல்லாயிரத்துக்குப் போகும். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, எந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் விலைப்பட்டியலும் அல்ல.

இரண்டு கம்பெனிகள். இரண்டிலும் நாற்பது லாரி, ஆண்டு வருமானம் 100 லட்சம் டாலர் சுமார். முதல் கம்பெனிக்கு ஐந்து வாடிக்கையாளர்கள், கடன் குறைவு, வெளி ஆடிட்டர் பார்த்த கணக்கு, வழக்கு எதுவும் இல்லை. 30 லட்சம் லிமிட் கேட்கிறார்கள். முதல் 10 லட்சத்துக்கு 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது 10 லட்சம் அதைவிட மலிவு, 6,000. மூன்றாவது இன்னும் மலிவு, 4,000. மேலே போகப் போக விலை குறைவதற்குக் காரணம் எளிது: சிறிய வழக்குகள் கீழ்ப்படியிலேயே முடிந்துவிடும், மேல்படியைத் தொடுவது அபூர்வம். ஆக மொத்தம் 20,000. ரிட்டென்ஷன் 25,000, அதாவது ஒவ்வொரு கிளைமிலும் முதல் 25,000 டாலர் அவர்கள் பொறுப்பு.

இரண்டாவது கம்பெனியின் வருமானத்தில் முக்கால்வாசி ஒரே எண்ணெய் கம்பெனியிடம் இருந்து வருகிறது. போன வருடம் ஒரு முதலீட்டு நிறுவனம் பாதிப் பங்கை வாங்கியிருக்கிறது, அதற்கான கடன் கம்பெனி தலையில். கணக்கை வெளி ஆடிட்டர் பார்க்கவில்லை. வங்கியின் கடன் நிபந்தனை ஒன்றை ஒரு காலாண்டில் மீறி, இந்த முறை பொறுத்துக்கொள்கிறோம் என்று வங்கியிடம் கடிதம் வாங்கியிருக்கிறார்கள். இவர்களுக்கு அதே 30 லட்சத்துக்கு 40,000 கேட்டாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ரிட்டென்ஷன் ஒரு லட்சம். கூடவே, கடன் கொடுத்தவர்கள் போடும் வழக்குக்குப் பணம் கிடையாது என்று ஒரு விலக்கும் ஒட்டப்படும். உண்மையான விலையேற்றம் அந்த விலக்கில்தான் ஒளிந்திருக்கிறது. அவர்களுக்கு வரக்கூடிய வழக்கே அதுதானே!

இத்தகைய கம்பெனிகளை டெக்சாஸில் உரிமம் பெற்ற வழக்கமான இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏற்காவிட்டால், உபரிச் சந்தை எனப்படும் இன்னொரு சந்தைக்குப் போக வேண்டும். லண்டன் லாயிட்ஸ் அங்கே பெரிய பெயர். அங்கே வாங்கினால் பிரீமியத்தின் மேல் மாநிலம் 4.85 சதவீதம் வரி போடும். 40,000-க்கு 1,940 டாலர். புரோக்கர் கட்டணமும் தனியாக வரலாம். விலைப்புள்ளித் தாளில் முதல் வரியில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, கடைசி வரியைப் பார்த்து அதிர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்பெனியின் குற்றம் எதுவும் இல்லாமலும் விலை நகரும். 2019-இல் இருந்து 2021 வரை டி அண்ட் ஓ சந்தை இறுகியிருந்தது. நல்ல கம்பெனிகளுக்கும் ஏற்றினார்கள். 2022-க்குப் பிறகு போட்டி வந்து தளர்ந்தது. தளர்ந்த காலத்தில் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட, அதே விலைக்கு அந்த "இலிருந்து எழும்" வாசகத்தை மாற்றச் சொல்லிக் கேட்பது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

கம்பெனியை விற்கும்போது இன்னொரு செலவு காத்திருக்கிறது. விற்ற பிறகும் பழைய முடிவுகளுக்காக வழக்கு வரலாம் என்பதால், ஆறு ஆண்டுக்கு வால் பாலிசி வாங்குவார்கள். வழக்கமாக ஆண்டு பிரீமியத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு, ஒரே தவணையில். விற்பனை ஒப்பந்தத்தில் அதை யார் கட்டுவது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளாவிட்டால், கடைசி நாளில் இரண்டு வக்கீல்களும் அதற்காகச் சண்டை போடுவார்கள்.

தேதி

லாரிப் பாலிசியில் விபத்து எந்த நாளில் நடந்ததோ அந்த நாளில் இருந்த பாலிசி பணம் கொடுக்கும். டி அண்ட் ஓ அப்படி இல்லை. முடிவு எந்த ஆண்டு எடுத்தது என்பது பெரிதல்ல. கிளைம் எந்த நாளில் வந்தது, எந்த நாளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொன்னீர்கள் என்பதுதான் கேள்வி. கிளைம் என்றால் கோர்ட் சம்மன் மட்டும் இல்லை. பணம் கேட்டு வக்கீல் எழுதிய ஒரு கடிதமே கிளைம்தான்.

நான் பார்த்த கோப்பு ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. ஒடெஸா பக்கம், தண்ணீர் லாரி கம்பெனி. பழைய கூட்டாளியின் வக்கீல் தன் பங்குப் பணத்தைக் கேட்டு நவம்பரில் கடிதம் போட்டிருக்கிறார். அலுவலகத்தில் அதை "சும்மா மிரட்டல்" என்று ஒரு ஃபைலில் செருகிவிட்டார்கள். ஜனவரியில் பாலிசி முடிந்து வேறு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாறினார்கள், ஆண்டுக்கு மூவாயிரம் டாலர் மிச்சம் என்று. புதிய விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், கிளைமாக மாறக்கூடிய ஏதாவது உங்களுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு நேராக "இல்லை" என்ற கட்டத்தில் டிக். மார்ச்சில் வழக்கு வந்தது.

பழைய கம்பெனி, எங்கள் காலத்தில் நீங்கள் சொல்லவில்லை என்றது. புதிய கம்பெனி, எங்கள் காலத்துக்கு முன்பே கிளைம் வந்துவிட்டது, விண்ணப்பத்திலும் மறைத்துவிட்டீர்கள் என்றது. இரண்டு மறுப்புக் கடிதங்களுக்கும் நடுவே அந்த நவம்பர் கடிதத்தின் ஸ்கேன் இருந்தது. அதன் மேல் மூலையில், வந்த தேதியைக் காட்டும் ரப்பர் ஸ்டாம்பை அவர்கள் அலுவலகமே பளிச்சென்று அடித்து வைத்திருந்தது.